ரிஷிவேலி முதல் ரிப்பன் மாளிகை வரை

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சுவரில் தொங்கும் நீளமான அட்டவணையின் முன்னால் போய் நிற்கிறது. கீழிருந்து மேலே ஏறும் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்னப் படம், பக்கத்தில் ஓர் எண். நேற்று முடித்த கட்டத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறது. அடுத்த படம் என்ன என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, அலமாரித் தட்டில் அதே படம் போட்ட அட்டையைத் தேடி எடுத்து, அந்த அட்டைக்கு உரிய குழுவில் போய்ப் பாயில் உட்காருகிறது. ஆசிரியர் இன்னும் வாய் திறக்கவில்லை. அவரும் பாயில்தான் இருக்கிறார், புதிய எழுத்து ஒன்றைத் தொடங்கும் நாலைந்து பிள்ளைகளோடு.

1990-களில் ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே சில சிற்றூர்ப் பள்ளிகளில் இதைப் பார்த்திருக்கலாம். 2004-இல் சென்னை மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகளில் பார்த்திருக்கலாம். 2008-இல் தமிழ்நாட்டின் அநேகமாக எந்த ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியிலும் பார்த்திருக்கலாம். கற்றல் ஏணி என்ற அந்த முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதை நடத்தியவர்கள் வேறு. ஓரிடத்தில் ஆசிரியர்களான ஒரு கணவனும் மனைவியும்; மற்றதில் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. பள்ளிக் கல்வியில் புதுமை செய்தவரைத் தனியாகப் போற்றுவோம், திட்டத்தை நடத்திக் காட்டிய நிர்வாகியைத் தனியாகப் போற்றுவோம். ஒரே புதுமை இரண்டு விதத் தலைமையின் கையில் எப்படி வளர்ந்தது, எங்கே வாடியது என்று அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் கிடைக்கும். இது அப்படி ஒன்று.

இரண்டுக்கும் வேர் ஒன்று. டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையோடு இந்தியா வந்தவர். வந்தவர் இந்த நாட்டோடு ஒன்றிவிட்டார். ரிஷிவேலிப் பள்ளியில் கற்பித்தார். 1972-இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ராயல்பாடு அருகே நீல்பாக் என்ற சிறிய பள்ளியைத் தொடங்கினார். அங்கே தேர்வு இல்லை, தண்டனை இல்லை, ஒன்றாம் வகுப்பு இரண்டாம் வகுப்பு என்ற தடுப்புச் சுவரும் இல்லை. வெவ்வேறு வயதுக் கிராமத்துப் பிள்ளைகள் ஒரே அறையில் அவரவர் வேகத்தில் படித்தார்கள். 1984-இல் அவர் இறந்தார். அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் சிலரே. அந்தச் சிலரில் முன்னே சொன்ன தம்பதி, ராமாவும் பத்மநாப ராவும், இருந்தார்கள்.

ரிஷிவேலி என்றால் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரோடு சேர்ந்த உறைவிடப் பள்ளிதான் பலருக்கு நினைவுக்கு வரும். சென்னை கிண்டியில் இயங்கிய பிரம்மஞான சபைப் பள்ளிதான் 1931-இல் அந்தப் பள்ளத்தாக்குக்கு இடம் பெயர்ந்தது என்பதைச் சென்னைவாசிகளே மறந்திருப்பார்கள். நல்ல பள்ளி, கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பள்ளி. அதன் வேலிக்கு வெளியே மழை பொய்த்த, கடலை விளையும் மேட்டு நிலங்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளி ஒரு பச்சை மரக்கூட்டமாகத் தூரத்தில் தெரிந்தது, அவ்வளவுதான். 1980-களின் பிற்பகுதியில் ராமாவும் பத்மநாப ராவும் அந்தப் பிள்ளைகளுக்காக வேலையைத் தொடங்கினார்கள். ரிஷிவேலி கல்வி வள மையம் என்ற பெயரில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஓரறைப் பள்ளிகள் எழுந்தன. கற்பிக்க வந்தவர்கள் அந்தந்த ஊர் இளைஞர்களும் இளம்பெண்களும்தான்.

ஓரறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். கல்வித்துறை இதைப் பற்றாக்குறை என்று குறித்துக்கொள்ளும். அந்தத் தம்பதி இதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருக்குமானால், ஐந்து வகுப்பும் ஒன்றாக இருப்பதற்குத் தோதான பாடமுறை வேண்டும். பாடப்புத்தகத்தைப் பிரித்தார்கள். ஆண்டு முழுவதற்குமான பாடத்தைச் சிறு சிறு படிகளாக உடைத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் அறிமுகம் செய்யும் அட்டை, பழக்கும் அட்டை, தெரிந்துவிட்டதா என்று சோதிக்கும் அட்டை, தெரியாதவர்களுக்கு இன்னொரு சுற்று, விரைந்து முடித்தவர்களுக்குக் கூடுதல் வேலை. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு வழி காட்டப் படக்குறிகள். பாடத்துக்குள் அந்த மண்ணின் கதைகள், பொம்மலாட்டம், பாட்டு.

இந்த முறையின் அருமை கடலை பிடுங்கும் பருவத்தில் தெரியும். பத்து நாள் தாயோடு கொல்லைக்குப் போய்விட்ட பிள்ளை புத்தகப் பள்ளிக்குத் திரும்பி வரும்போது வகுப்பு மூன்று பாடம் தாண்டிப் போயிருக்கும். அன்று தொடங்குகிற தடுமாற்றம் ஒருநாள் பள்ளியை விட்டே நிற்பதில் முடியும். ஏணிப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை தான் விட்ட கட்டத்தைத் தொட்டுப் பார்த்து, அதற்கு அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். யாரும் கேலி செய்ய மாட்டார்கள், ஏனென்றால் அந்த அறையில் எல்லோரும் வெவ்வேறு கட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையை அதன் குற்றமாகப் பார்க்காத பாடமுறை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இனி அதன் தலைமையைப் பார்ப்போம். ராமாவும் பத்மநாப ராவும் மேசைக்குப் பின்னால் இருந்து நடத்தவில்லை. ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து, எந்த அட்டை ஓடுகிறது, எது நின்றுவிடுகிறது என்று பேசி மாற்றினார்கள். ஓர் அட்டையில் ஐந்து பிள்ளைகள் அடுத்தடுத்துத் தடுக்கி விழுந்தால் பிழை அட்டையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே வந்தது. அட்டையை எழுதியவரும் அதை வைத்துக் கற்பிப்பவரும் அநேகமாக ஒரே ஆள். ஆகவே கிழிந்துபோன அட்டையை அன்று மாலையே வரைந்து வைத்துவிடலாம். பிழையான அட்டையை அடுத்த வாரமே திருத்திவிடலாம். தாய்மார்கள் பள்ளிக்குள் வந்தார்கள். மெட்ரிக் மேளா என்று ஒரு நாள் வைத்து, பிள்ளைகள் பெற்றோரை நிறுத்தி எடையும் உயரமும் நீளமும் அளந்து காட்டும்போது, கணக்கு என்பது ஊருக்கே தெரிந்த சமாச்சாரமாகிவிடும்.

இவ்வளவு சிறப்புக்கும் அங்கே ஓர் எல்லை இருந்தது. பள்ளிகளின் எண்ணிக்கை சில பத்துகளைக் கூடத் தொடவில்லை. அறக்கட்டளையின் பணம், இடமாற்றம் இல்லாத ஆசிரியர்கள், தேர்தல் தெரியாத நிர்வாகம். பக்கத்துத் தாலுகாவில் அரசுப் பள்ளியில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்தப் பள்ளத்தாக்கால் நேரடியாக ஒன்றும் செய்ய முடியாது. தம்பதியருக்கு இது தெரிந்திருந்ததால்தான் 'பெட்டிக்குள் ஒரு பள்ளி' என்று எல்லாவற்றையும் எடுத்துச் செல்லக்கூடிய வடிவத்தில் தயாரித்தார்கள், வந்து கேட்டவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். 2009-இல் அவர்களுக்குச் சமூகத் தொழில்முனைவோர் விருது கிடைத்தபோதும், வெளியே பரவிய வேலைதான் பெரிதாகப் பேசப்பட்டது.

வந்து கேட்டவர்களில் ஒருவர் எம்.பி. விஜயகுமார். வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, வேலையிலிருந்து மீட்ட குழந்தைத் தொழிலாளர்களைப் பள்ளியில் தக்கவைப்பது எப்படி என்ற கேள்வி அவரை மதனப்பள்ளிப் பக்கம் கொண்டுபோனது. வேலூருக்கு அது தொலைவு இல்லை. வேலையிலிருந்து மீட்ட பத்து வயதுப் பிள்ளையை ஐந்து வயதுப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் அது எத்தனை நாள் உட்காரும்? ஏணிமுறை இதற்கு விடை வைத்திருந்தது. பின்னர் அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக ரிப்பன் மாளிகைக்கு வந்தார். 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் 13-ஐத் தேர்ந்தெடுத்துத் தொடங்கினார்.

இந்தத் தொடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எடுத்த எடுப்பில் அரசாணை போடவில்லை. மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போனார்கள், தங்கிப் பார்த்தார்கள், திரும்பி வந்து தமிழுக்கான அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து எழுதினார்கள். தெலுங்கு அட்டையைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தால் அது முதல் மாதத்திலேயே செத்திருக்கும். தமிழ் எழுத்தின் அமைப்பு வேறு, மீனவர் குப்பத்துப் பிள்ளையின் பேச்சு வேறு. சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் அதில் தொங்கின. தங்கள் வருகையைத் தாங்களே குறித்தார்கள். நாற்காலி ஓரமாகப் போனது. நகரின் துப்புரவுத் தொழிலாளர், கூலித் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், பணக்கார வீடுகள் மாண்டிசோரிப் பள்ளிக்குக் கட்டணம் கட்டி வாங்கும் மரியாதை இலவசமாக நுழைந்தது.

அடுத்த ஆண்டே மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது விரிந்தது. விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். செயல்வழிக் கற்றல் என்ற பெயரோடு, ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. 13 பள்ளிகளிலிருந்து அந்த எண்ணுக்கு ஐந்து ஆண்டுக்குள். உலகில் ஓர் அரசு இவ்வளவு விரைவாக வகுப்பறையின் உள்ளமைப்பையே மாற்றியதற்கு வேறு உதாரணம் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. பல மாநிலங்களிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள்.

சென்னை செய்ததைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பள்ளத்தாக்கில் பத்துப் பதினைந்து பள்ளிகளில் அழகாக நடப்பதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, அரசுப் பள்ளியில் இதெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பலரும் அப்படித்தான் போனார்கள். அரியலூர்ப் பிள்ளையும் பரமக்குடிப் பிள்ளையும் அந்த வகையில் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கும்? எல்லோருக்கும் உடனே என்று ஓர் அதிகாரி முடிவெடுத்தது நியாயத்தின் பக்கம் நின்ற முடிவு. ரிஷிவேலித் தலைமைக்கு அந்த முடிவெடுக்கும் அதிகாரம் ஒருபோதும் இருந்ததில்லை.

ஆனால் 13 பள்ளிகளில் இருந்த ஒன்று 37,000 பள்ளிகளுக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. அட்டையைத் திருத்தும் உரிமை அது.

மாநில அளவில் அட்டைகள் ஓரிடத்தில் எழுதப்பட்டு, அச்சாகி, வட்டார வள மையங்கள் வழியாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. அச்சான அட்டைக்கு ஓர் அதிகாரம் வந்துவிடும். அதில் ஒரு படம் குழப்புகிறது, ஒரு படி பிள்ளைகளுக்குப் பெரிதாக இருக்கிறது என்று மூன்றாண்டாகத் தெரிந்த ஆசிரியரும் அதை மாற்றத் துணிய மாட்டார். ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் படியே இல்லாமல் போகும். பிள்ளை அங்கே நின்றுவிடும், அல்லது தாண்டிக் குதிக்கும். அதை அன்று மாலை தானே வரைந்துகொள்ளலாம் என்று அந்த ஆசிரியருக்கு யாரும் சொல்லவில்லை. வரைந்தால் மேலே கேள்வி வருமோ என்ற அச்சம்தான் இருந்தது. ரிஷிவேலியில் ஆசிரியர் அட்டையை ஆக்கியவர். மாநிலத் திட்டத்தில் அவர் அதைப் பெற்றுக்கொண்டவர்.

அடுத்தது ஆய்வு. நம் தொடக்கக் கல்வியில் அன்றைய உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் பள்ளிக்குள் நுழைந்ததும் கேட்ட கேள்வி பரம்பரையாக வந்தது: எந்தப் பாடம் நடக்கிறது, பாடக்குறிப்பு எழுதியாயிற்றா? முப்பது பிள்ளைகள் முப்பது கட்டத்தில் இருக்கும் வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. கேட்க வேண்டியது வேறு: இந்தப் பிள்ளை இரண்டு வாரமாக ஏன் ஒரே கட்டத்தில் இருக்கிறது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள்? இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்க, கேட்பவருக்கும் அந்த முறை உடம்பில் ஊறியிருக்க வேண்டும். ஆசிரியர் பயிற்றுநர்கள் பலர் மனமாரப் பாடுபட்டார்கள் என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் அதிகார வரிசை பழக்கப்பட்ட வழியில்தான் போனது. கம்பிப் பந்தல் கட்டியிருக்கிறதா, பாய் விரித்திருக்கிறதா, நாற்காலி எடுத்தாயிற்றா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போனது. கண்ணுக்குத் தெரிவதைத்தான் படிவத்தில் நிரப்ப முடியும். பிள்ளைகள் எழுதியதைத் தொங்கவிடுவதற்காகக் கட்டிய பந்தலில் ஆய்வுக்காகத் தொங்கவிட்ட காகிதங்கள் வந்துசேரும் ஆபத்து இங்கேதான் பிறக்கிறது.

பெற்றோர் பக்கமும் இருந்தது. வீட்டுப்பாடம் இல்லை, பிள்ளை புத்தகத்தையே திறப்பதில்லை, கீழே உட்கார வைக்கிறார்கள் என்று குறைபட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஆங்கில வழி நர்சரிப் பள்ளி பையும் டையுமாக அழைத்துக்கொண்டிருந்தது. மதனப்பள்ளிக் கிராமத்தில் தாய்மார்களை உட்கார வைத்துப் பேச ஆசிரியருக்கு நேரம் இருந்தது. அந்த ஊர்ப் பெண்ணே ஆசிரியராகவும் இருந்தார். நம் ஊரில் இந்த விளக்கம் சொல்லும் பொறுப்பு தலைமை ஆசிரியருக்கு வந்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரின் நிலைமையை அறிந்தவர்களுக்குத் தெரியும். பல ஊர்களில் அது ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியரே இரண்டு மூன்று வகுப்புக்கு ஆசிரியர், சத்துணவுப் பதிவேடு பார்ப்பவர், விலையில்லாப் பொருள்களை வாங்கி வந்து கணக்கு வைப்பவர், கூட்டத்துக்கு ஓடுபவர். பெயரில் மட்டும் தலைமை இருக்கிறது. இரண்டு முனைகளிலும், அதாவது மாநில அலுவலகத்திலும் வகுப்பறையிலும், மாற்றத்துக்கு ஆள் இருந்தார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு அந்த மாற்றத்தில் சொந்தமாகச் செய்ய எதுவும் தரப்படவில்லை. என் கணிப்பில் இந்தத் திட்டம் தளர்ந்த இடம் அதுதான்.

கர்நாடகத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1995-இல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டைத் தாலுகாவிலிருந்து ஆசிரியர் குழு ஒன்று ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, யுனிசெஃப் துணையோடு 'நலி-கலி' என்ற பெயரில் கன்னட அட்டைகளை எழுதியது. மாநிலம் முழுவதும் அது விரிந்தது 2009-இல். இடையில் பதினான்கு ஆண்டுகள். அந்தத் தாமதத்தில் இழப்பும் உண்டு, எத்தனையோ பிள்ளைகள் அதற்குள் பள்ளியைக் கடந்து போயிருப்பார்கள். ஆனால் நலி-கலியைத் தன் கைச்சரக்காக நினைத்த ஆசிரியர்கள் அந்தக் காலத்தில் உருவானார்கள். முதல் மூன்று வகுப்புகளில் அது வேரூன்றி நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. விஜயகுமார் பொறுப்பிலிருந்து நீங்கினார். 2010-இல் சமச்சீர்க் கல்வி வந்தது. அட்டைகள் புதிய புத்தகத்தோடு பொருந்த வேண்டியிருந்தது. 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. புத்தகம் பருவத்துக்கு ஒன்றாகப் பிரிந்தது; எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் ஒரு புத்தகத்தை முடித்து அடுத்ததைத் தொடங்க வேண்டும். அவரவர் வேகம் என்ற ஏணியின் உயிர்நாடிக்கு இது நேர் எதிர். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல நோக்கத்தோடு வந்தவைதான். ஆனால் ஏணியைக் காப்பாற்ற, இது எங்கள் முறை என்று வாதாட, பள்ளிகளிலிருந்து பெருங்குரல் எழவில்லை. அட்டைகள் படிப்படியாக அலமாரிக்குள் போயின. அதே காலத்தில் ரிஷிவேலியைச் சுற்றியிருந்த சிறு பள்ளிகளில் ஏணி தொடர்ந்தது. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஆயுள்.

இதை வைத்து மெதுவாகப் போவதே உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்தாண்டுக் காலம் லட்சக்கணக்கான பிள்ளைகள் அடியும் அவமானமும் இல்லாத வகுப்பறையில் இருந்தார்கள். கீழே உட்கார்ந்து பிள்ளையின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசிப் பழகிய ஆசிரியர், அட்டை போன பிறகும் பழைய ஆசிரியராகத் திரும்பிவிட மாட்டார். கொரோனாவுக்குப் பின் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலைப்படி பிரித்து, அவரவர் நிலையிலிருந்து தொடங்கச் சொல்கிறது. வகுப்பு எது என்பதைவிடப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதே முக்கியம் என்ற எண்ணம் ஓர் அரசுத் திட்டத்தில் இவ்வளவு இயல்பாக வந்து உட்கார்ந்ததற்கு, செயல்வழிக் கற்றல் பண்படுத்திவிட்டுப் போன நிலமும் காரணம் என்றே நம்புகிறேன்.

திருத்தும் உரிமை பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. பயிற்சி நூலும் ஆசிரியர் கையேடும் இன்றும் மாநில அளவில்தான் எழுதப்படுகின்றன. எல்லா ஊருக்கும் ஒன்றே. அதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆனாலும் நீலகிரி மலைப்பள்ளியில் தடுக்குகிற பக்கமும் ராமேசுவரம் கரையில் தடுக்குகிற பக்கமும் ஒன்றாக இருக்காது. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. மேலிருந்து வந்த செய்தியைக் கேட்டுக்கொள்ள ஒதுக்கும் நேரத்தில் பாதியை, சென்ற பருவத்தில் எந்தப் பக்கம் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை என்று ஆசிரியர்கள் பேசவும், அங்கேயே அதற்கு மாற்றாக ஒரு தாளை எழுதி அந்த மாதமே வகுப்பில் வைத்துப் பார்க்கவும் விட்டுக்கொடுக்கலாம். எழுதியதை ஆய்வுக்கு வரும் அலுவலர் குற்றமாகக் குறிக்கக் கூடாது. இது ஓடியதா என்று கேட்க வேண்டும். கூட்டத்தை நடத்தும் பொறுப்பை அந்தக் குறுவள மையத் தலைமை ஆசிரியர்களிடமே சுழற்சியில் கொடுத்துவிட்டு, அந்த ஒரு நாளைக்காவது அவர்களை மற்றப் பதிவேடுகளிலிருந்து விடுவிக்கலாம். இதற்குப் புதிய திட்டமும் வேண்டாம், புதிய நிதியும் வேண்டாம். 2003-இல் ரிஷிவேலிக்குப் போய் வந்து சென்னையில் உட்கார்ந்து அட்டை எழுதிய மாநகராட்சி ஆசிரியர்கள் செய்தது இந்த வேலையைத்தான்.